எனக்கு ஆடிதான்

என் பதிவை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கிண்டலாகப் போட்டிருக்கிறார், அதை இதுவரை இருபத்து மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "கடலூர்க்காரன் கடல் பாக்க அந்தமான் போறானாம், அதுவும் கொட்டுற மழையில. குடை பிடிச்சுக்கிட்டு முங்குவாரோ?" கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் ஒன்று என் சொந்த மச்சான் போட்டது. அவனைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

போன ஆடியில் எடுத்த ஒரு போட்டோவோடு நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆடியில் ஹேவ்லாக் பக்கம் டைவிங் போனவர்கள் யாராவது இருந்தால் கடல் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்." அவ்வளவுதான். (அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்கு 2018-லேயே ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிவிட்டது, போர்ட் பிளேரும் இப்போது ஸ்ரீ விஜயபுரம். வாயில் வர மாட்டேன் என்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.) அதற்குப் பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர். பதில் தெரியாமல் புத்தி சொல்ல வந்தவர்கள் அறுபது பேர்.

ஏன் ஆடி? நான் கல்யாணப் போட்டோகிராபர், அதனால் ஆடி. வைகாசி, ஆனி, ஆவணி, தை, இந்த மாதங்களில் எனக்கு ஞாயிறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. மார்கழியில் முகூர்த்தம் இல்லைதான். ஆனால் அந்த மாதம் ஊர் உலகமே அந்தமானில் இருக்கிறது. மார்கழியில் ஒரு நாளைக்கு ஏழாயிரம் சொன்ன அறையை ஆடியில் மூவாயிரத்து இருநூறுக்குக் கொடுத்தார்கள், அதே கட்டில், அதே ஜன்னல். விமான டிக்கெட் விலையைச் சொன்னால் என் மனைவி இன்னொரு முறை கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள், அதனால் விடுங்கள். புரட்டாசி இருக்கிறதே என்பார்கள். புரட்டாசியில் சிலர் கல்யாணம் வைப்பார்கள், சிலர் வைக்க மாட்டார்கள், நம்பி டிக்கெட் போட முடியாது. ஆக, எனக்கு ஆடிதான். "நல்ல சீசனில் போங்க ப்ரோ" என்று சொல்பவர்களே, சீசனைப் பார்த்து லீவு போடுகிற வேலை உங்களுக்கு வாய்த்திருக்கிறது. சந்தோஷம். எனக்கு வாய்க்கவில்லை.

சரி, மழைக்கு வருவோம். தண்ணீருக்குள் முங்கப் போகிறவனுக்கு மழையால் என்ன கெட்டுவிடும்? ஏற்கெனவே நனைந்துதானே நிற்கிறான்? ஆறு மீட்டர் கீழே போய்விட்டால் மேலே தூறுகிறதா கொட்டுகிறதா என்றே தெரியாது. பிரச்சினை காற்று. காற்று அடித்தால் அலை எழும், அடி மணல் கலங்கும், படகு போகாது, கப்பலை நிறுத்துவார்கள். நம் பெரியவர்கள் ஆடி மழையில் அம்மி மிதக்கும் என்றா சொன்னார்கள்? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது, ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லை.

அந்தக் காற்று ஆடியில் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகர் கடற்கரையில் அந்த மாதம் அலை மிரட்டும். கிழக்குக் கரையில் தீவே குறுக்கே நின்று காற்றை மறைக்கிறது. அதனால்தான் கிழக்குப் பக்கத்தில், நீமோ ரீஃப் மாதிரிக் கரையோரப் பவளத்திட்டுகளில், மழைக்காலத்திலும் பல நாள் ஆளை இறக்குகிறார்கள். எல்லா நாளும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை. சில டைவிங் கடைகள் ஜூன், ஜூலையில் மூடியே இருக்கும், அதுவும் உண்மை. நான் எங்கே மறைத்தேன்?

இன்னொன்று. "மழைக்காலம், மழைக்காலம்" என்று எல்லோரும் ஒரே காலம் மாதிரிப் பேசுகிறார்கள். நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அந்தமானில் மே பாதியிலேயே பருவமழை தொட்டுவிடும். தாய்லாந்தில் மேற்குப் பக்கம் இருக்கும் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள், அதே மாதங்களில் கிழக்குப் பக்கம் கோ தாவ் தீவில் டைவிங் ஜோராக நடக்கும். மலேசியாவின் பெர்ஹென்தியன் தீவுகள் நம் மாதிரி, நவம்பருக்கு மேல் படுத்துவிடும். மாலத்தீவு இன்னும் வேடிக்கை. அங்கே ஹனிஃபாரு வளைகுடாவுக்கு மாண்டா என்கிற பெரிய திருக்கைகள் கூட்டமாக வருவதே தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில்தான். காற்றும் நீரோட்டமும் மிதவை உயிர்களை அந்தக் குடாவுக்குள் ஒதுக்கித் தள்ள, அதைத் தின்ன அவை வருகின்றன. அங்கே சிலிண்டர் கட்டி இறங்க விட மாட்டார்கள், மேலாக நீந்திப் பார்க்கலாம். திருக்கைக்கு அதுதான் சீசன். அதனிடமும் போய் "குடை எடுத்துட்டியா" என்று கேளுங்கள்.

"நம்ம ஊர்லயே கடல் இருக்கே" என்று ஒரு கோஷ்டி. ஐயா, நான் வெள்ளிக் கடற்கரையில் மணல் தின்று வளர்ந்தவன். அந்தக் கடலை எனக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். பக்கத்திலேயே கெடிலம் கலக்கிறது, வடக்கே பெண்ணையாறு கலக்கிறது, கொண்டுவருகிற வண்டலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றால் உங்கள் கால் விரல் உங்களுக்குத் தெரியாது. பவளம் வளரத் தெளிந்த தண்ணீர் வேண்டும். பாண்டியில் படகில் கொஞ்ச தூரம் உள்ளே கூட்டிப்போய் டைவிங் காட்டுகிறார்கள், தெரியும். அதற்கும் ஒருநாள் போவேன்.

கடலைப் பற்றிப் பயமில்லாதவன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. என் அப்பா முதுநகர் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். புயல் கூண்டு ஏற்றினால் என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒன்று என்றால் தூரத்தில் எங்கோ இருக்கிறது, மூன்று என்றால் இங்கே காற்றடிக்கப் போகிறது, பத்து என்றால் பெரும் ஆபத்து, பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ராத்திரியில் கூண்டு தெரியாது, சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு தொங்கும். ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாடு தெரியாது, இது தெரியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் வீட்டு ஓட்டை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டதைக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எண்ணியவன் நான். எனக்குப் பயமில்லையாம்! இதே ஆட்கள்தான் கூண்டு ஏற்றியதும் பாண்டி கடற்கரைச் சாலைக்கு பைக்கில் போய், காந்தி சிலைக்குப் பின்னால் அலை எழும்பும்போது செல்ஃபி எடுக்கிறார்கள். போலீஸ் விரட்ட விரட்டத் திரும்பி வருகிறார்கள்.

அப்புறம், மழையில் போவது மடத்தனம் என்றால், மழையில் கல்யாணம் வைப்பது என்ன தனம்? கடலூரில் கார்த்திகையில் முகூர்த்தம் குறிக்காத வருஷம் உண்டா? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரையேறி நகராமல் நின்று கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து ஊருக்குள் புகுந்தது. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு நான் கேமரா பையைத் தலையில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை டிராக்டரில் வந்தார். நன்றாகத்தான் நடந்தது, படங்களும் நன்றாக வந்தன. "மழையில எதுக்குய்யா கல்யாணம்" என்று ஒருவரும் ஸ்கிரீன்ஷாட் போடவில்லை. மற்றவர்களின் சந்தோஷத்துக்காக நான் மழையில் நின்றால் அது தொழில் பக்தி. என் சந்தோஷத்துக்காக நின்றால் கோமாளித்தனம்.

போன ஆடியில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்தான் என்பீர்கள். முதல் நாள் கப்பல் ரத்து. செல்லுலார் சிறையை நனைந்துகொண்டே பார்த்தோம். இரண்டாம் நாள் மத்தியானம்தான் ஹேவ்லாக் போக முடிந்தது. மூன்றாம் நாள் காற்று, யாரையும் இறக்கவில்லை. நாலாம் நாள் காலை இறங்கினோம். அடுத்த நாளே ஊருக்கு ஓட முடியாது என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன். முங்கி எழுந்ததும் விமானம் ஏறக் கூடாது, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரு தடவை முங்கினால் 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 என்பது பொது விதி. நான் ஒரு முழு நாள் விட்டிருந்தேன், அந்த நாளைப் போர்ட் பிளேரில் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் போகிறவன் கடைசி நாளைத் தீவில் வைத்தால் கப்பலுக்காக அழ வேண்டியதுதான். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் போனேன் ஐயா, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது தோன்றிய யோசனை இல்லை.

தண்ணீருக்குள் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. கீழே போனதும் கோமாளி மீனைப் பார்த்த சந்தோஷத்தில், "சூப்பர்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பயிற்சியாளர் உடனே என்னை மேலே கொண்டுவந்துவிட்டார். அங்கே கட்டைவிரல் என்றால் "மேலே போகணும்" என்று அர்த்தமாம். கரையிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். இருபது வருஷமாக மேடையில் மாப்பிள்ளைக்குக் கட்டைவிரல் காட்டியே பழகிய கை, கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் அதையே செய்தேன். மூன்றாவது தடவை அந்தப் பயிற்சியாளப் பையன் என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டான்.

"சின்னப் பையனையும் இழுத்துக்கிட்டுப் போறான், பொறுப்பில்லாதவன்." இதை எழுதியது ஒரு பெண், என்னைவிட வயதில் பெரியவர், அக்கா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். அக்கா, பத்து வயதுக்கு மேல் விடுகிறார்கள், என் மகனுக்குப் பன்னிரண்டு. ஆனாலும் அன்றைக்கு அவனை இறக்கவில்லை. மழையில் விளையாடிச் சளி பிடித்துவிட்டது. மூக்கடைத்தால் காதில் அழுத்தம் சமனாகாது, செவிப்பறை போய்விடும் என்று மறுத்துவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அழுதான். ஆமாம், அது மழையால்தான். ஒத்துக்கொள்கிறேன். இந்த ஆடியில் மறுபடி போவதே அவனுக்காகத்தான். மார்கழியில் கூட்டிப்போக எனக்குக் கையில் காசில்லை, போதுமா?

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவளும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

என் மனைவி தேவனாம்பட்டினத்துப் பெண். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதினாறு வயது. அவள் சித்தி திரும்பவில்லை. அதற்குப் பிறகு கணுக்காலுக்கு மேல் அவள் கடலில் நனைந்ததில்லை, மாசி மகத்துக்கும் கரையில்தான் நிற்பாள். ஹேவ்லாக்கில் நானும் பையனும் இறங்குவது என்றுதான் பேச்சு. பையனுக்கு இல்லை என்றானதும், கட்டிய பணம் வீணாகிறதே என்று, நம்புங்கள், அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் அவள் எழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் பத்து நிமிஷம் அப்படியே நின்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பயிற்சியாளரும் அவசரப்படுத்தவில்லை, அவன் நன்றாக இருக்கட்டும்.

தண்ணீர் தெளிவாக இல்லை. ஐந்து மீட்டருக்கு அப்பால் பால் கலந்த மாதிரி இருந்தது. கீழே அவள் எனக்கு எதிரே வந்து மண்டியிட்டாள். கண்ணாடிக்குள் அவள் ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது, ஆனால் சிவப்பாக இல்லை, காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. ஆழத்தில் முதலில் போகிற நிறம் சிவப்பு. படித்திருக்கிறேன். வருஷம் முழுக்கக் கூரைப்புடவையின் சிவப்பைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொண்டிருப்பவன், அதைச் சரிசெய்யத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேமரா மேலே கரையில் இருந்தது. அந்தப் படம் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது மழையில் மூன்று பேரும் நனைந்து நிற்கிற ஒரு மொபைல் போட்டோதான், நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது அதைத்தான்.

சரி. ஆடி இருபதுக்குக் கிளம்புகிறேன். தேதி மாற்றினால் காசு பிடிக்காத டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன், அறிவுரைக்கு நன்றி.

ஸ்கிரீன்ஷாட் போட்ட அண்ணனுக்கு மட்டும் ஒரு தகவல். உங்கள் மகள் கல்யாணத்துக்கு ஆவணி முதல் முகூர்த்தம், பாண்டி மண்டபம், நீங்கள் கொடுத்த இருபதாயிரம் அட்வான்ஸ் பத்திரமாக இருக்கிறது. அதற்குள் திரும்பிவிடுவேன். காலை நாலரைக்கு மண்டப வாசலில் நிற்பேன், மழை பெய்தாலும். மீதிப் பணத்தை மறக்காமல் எடுத்து வையுங்கள் அண்ணே.