ஓவனில் காய் வறுப்பவர்கள் குறைக்க வேண்டியது எண்ணெயை அல்ல, ஈரத்தை

நம் ஊர் வீடுகளில் ஓடிஜி எனப்படும் சிறிய ஓவனைப் பெரும்பாலும் கேக் செய்வதற்காகவே வாங்குகிறோம். பிறந்தநாள் ஆர்வம் தணிந்ததும் அது அடுக்களை மூலைக்குப் போய்விடுகிறது; அதன் தலையில் ரொட்டிப் பாக்கெட்டும் மருந்துச் சீட்டும் ஏறிவிடுகின்றன. என் கருத்தில், சாம்பார் சாதத்துக்கும் ரசம் சாதத்துக்கும் தொட்டுக்கொள்ள ஒரு காயை வறுத்துத் தருவதுதான் அந்தப் பெட்டி நமக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை. காயை நறுக்கி, எண்ணெயில் பிசிறி, உள்ளே வைத்துவிட்டால் அதன் பிறகு ஒரே ஒரு முறை புரட்டிவிட எழுந்து போனால் போதும். சித்திரை வெயிலில் அடுப்பின் முன் நின்று தோசைக்கல்லில் சேப்பங்கிழங்கை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டவர்களுக்கு இந்த ஓய்வின் மதிப்பு தெரியும்.

இவ்வளவு எளிய வேலை பல வீடுகளில் ஒருமுறையோடு நின்றுபோகிறது. அது தவறான பெயரில் விற்கப்படுவதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். 'எண்ணெயே இல்லாத வறுவல்' என்ற வாக்குறுதியோடு வரும் காணொளியைப் பார்த்துவிட்டு, நாலு சொட்டு எண்ணெயைத் தெளித்து வைப்பவருக்குக் கிடைப்பவை வெளியே சுருங்கி, உள்ளே நார் நாராக, மசாலா உதிர்ந்துபோன துண்டுகள். வீட்டார் அதைப் பத்தியச் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஓவன் மீண்டும் மூலைக்குப் போகிறது. முழுக்க எண்ணெயில் போட்டுப் பொரிப்பதைவிட ஓவனில் எண்ணெய் குறைவாகத்தான் செலவாகும் என்பது உண்மை. ஆனால் அரைக் கிலோ காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயாவது வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இரண்டாவது உண்மையைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது விளம்பரத்துக்கு உதவும், சமையலுக்கு உதவாது.

காய் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். காலிஃபிளவரில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கும், கேரட்டில் 88 பங்கும், கெட்டியாகத் தெரியும் உருளைக்கிழங்கில்கூட 79 பங்கும் நீராகவே இருக்கின்றன. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, ஓவனின் திருகு 220 டிகிரி செல்சியஸில் நின்றாலும், காயின் மேல்தோல் 100 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். வருகிற சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. நாம் விரும்பும் பொன்னிறமும் வறுத்த மணமும் தாராளமாக வர வேண்டுமானால் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து எண்ணற்ற மணப்பொருட்களை உண்டாக்கும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் லூயி கமில் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். தோசையின் முறுகலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் பின்னால் இருப்பது இதே வினைதான். ஆக, தட்டிலிருந்து அவித்த காய் வருமா வறுத்த காய் வருமா என்பது, அதன் மேற்பரப்பு எவ்வளவு விரைவில் உலர்கிறது என்பதைப் பொறுத்தது. எண்ணெய்க்கு இங்கே என்ன வேலை என்றால், காயின் மேடு பள்ளங்களில் படலமாகப் படிந்து தட்டின் சூட்டைச் சீராகக் கொண்டு சேர்ப்பது, மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் உரிய நிறத்தையும் மணத்தையும் தன்னில் கரைத்துப் பரப்புவது ஆகிய இரண்டும்தான். காற்று தனியாக இந்த இரண்டையும் செய்வதில்லை.

ஒரு காயை மட்டும் எடுத்துக்கொண்டு முழுமையாகச் சொல்கிறேன், ஏனெனில் முறை அதில் பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாக வரும். ஓவன் வறுவலுக்கு முதலில் பழக வேண்டிய காய் காலிஃபிளவர். (இதை வெள்ளைக்காரச் சமையல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்தப் பூவே 1822-இல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூரின் கம்பெனித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததுதான் என்று நம் தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. பூவை ஏற்றுக்கொண்டோம், அடுப்பை ஏற்றுக்கொள்வதில் என்ன தயக்கம்?) புழு போவதற்காக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூவை அமிழ்த்தி வைப்பது நம் வழக்கம், அதை விட வேண்டியதில்லை. ஆனால் அந்த வெந்நீர் பூவின் நெருக்கமான மொட்டுகளுக்குள் புகுந்து தங்கிவிடும். வடிதட்டில் போட்டு இரண்டு முறை உதறினால் அது போகாது. மொட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரமாவது விட வேண்டும். இந்த முறையில் பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றே. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் 'எங்கள் ஓவனில் முறுகவே மாட்டேன் என்கிறது' என்று பிறகு வருந்துகிறார்கள்.

உலர்ந்த பூவை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நெடுக்காக ஒரு வெட்டு வெட்டினால் தட்டையான ஒரு முகம் கிடைக்கும். அந்த முகம் தட்டில் படிய வேண்டும். நல்ல நிறம் பிடிப்பது அங்கேதான். அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி அரிசி மாவு ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசிற வேண்டும். கரண்டியால் கிளறினால் மொட்டுகளின் இடுக்குகளில் எண்ணெய் சேராது. பதினைந்து நிமிடம் முன்னதாகவே 220 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு ஒருமுறை புரட்டிவிட்டால், மொத்தம் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடங்களில் ஓரங்கள் பழுப்பேறி, தண்டு கத்தி இறங்கும் அளவுக்கு வெந்திருக்கும். உள்ளே விசிறி சுழலும் கன்வெக்ஷன் வசதி இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். இன்று எல்லாரும் பேசும் ஏர்பிரையரும் விசிறி வைத்த சிறிய ஓவன்தான். அதன் ஓட்டைக் கூடையால் அடிப்பக்கமும் உலரும் என்பது நன்மை, நாலு பேர் வீட்டுக்கு இரண்டு தவணையாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பது தொல்லை. மைக்ரோவேவ் மட்டும் உள்ளவர்கள் இதை முயல வேண்டாம். அது காயைச் சூடாக்கும், வறுக்காது.

ஈரத்துக்கு அடுத்த எதிரி நெருக்கடி. தட்டில் துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் ஒரு துண்டிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்துத் துண்டை நனைக்கும். கும்பலாக நிற்கும் ஈரத்துணிகள் காயாததைப் போலத்தான் இதுவும். காய் அதிகமாக இருந்தால் இரண்டு முறை வையுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தைவிட, கறுத்த உலோகத் தட்டு விரைவாகச் சூடேறும். தட்டில் விரிக்கும் தாள் ஓவனுக்கென்று செய்த பேக்கிங் தாளாக இருக்க வேண்டும், மெழுகுத்தாள் கூடவே கூடாது. அலுமினியத் தாளில் புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும் என்பதால், புளி சேரும் வறுவலுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நடுத்தர ஓடிஜி 1500 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும், ஆனால் வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கின் வரம்பு 230 வோல்ட்டில் 1400 வாட்டுக்கும் குறைவு. ஆகவே கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடக்கும் நீட்டிப்புப் பெட்டியில் செருகாமல், 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும்.

இணையத்தில் பரவும் படங்களில் ஒரே தட்டில் கேரட், குடைமிளகாய், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி எல்லாம் வண்ண வண்ணமாக அடுக்கப்பட்டிருக்கும். எனக்கு இந்தப் படங்களின் மேல் கோபமே உண்டு. உருளைக்கிழங்கு நாற்பது நிமிடம் கேட்கும், குடைமிளகாய் இருபது நிமிடத்தில் துவண்டுவிடும், தக்காளியோ தன் சாற்றை விட்டுத் தட்டு முழுவதையும் குழம்பாக்கிவிடும். ஒரு தட்டுக்கு ஒரு காய், அல்லது ஒரே கெட்டித்தன்மையும் ஒரே அளவும் கொண்ட இரண்டு காய்கள் என்பதே என் கட்சி. கேரட்டும் பீட்ரூட்டும் சேரலாம். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக 200 டிகிரியில் நாற்பது நிமிடம் ஆகும், ஆனால் பீட்ரூட்டின் சாயம் கேரட்டில் ஏறாமல் இருக்கத் தட்டின் ஆளுக்கொரு பாதியைக் கொடுத்துவிட வேண்டும். தோலுரித்த சின்ன வெங்காயத்தை எதனோடும் சேர்க்கலாம். பூண்டுப் பல்லைத் தோலோடு போடுங்கள், உரித்தால் கருகிக் கசக்கும்.

நம் காய்களில் சில இந்த முறைக்காகவே விளைந்தவை என்று சொல்லத் தோன்றுகிறது. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து, நெடுக்காகக் கீறி, உப்பை மட்டும் தட்டை வெளியே எடுத்த பிறகு சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், 210 டிகிரியில் பதினெட்டு இருபது நிமிடத்தில் வழவழப்பு அடங்கிவிடும். வாணலியில் கிளறிக் கிளறி நூல் இழுக்கும் துன்பம் இல்லை. சேப்பங்கிழங்கை முக்கால் பதத்துக்கு வேகவைத்துத் தோலுரித்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தித் தட்டையாக்கி வைத்தால் ஓரங்கள் முறுகிவிடும். சேனைக்கிழங்கை மட்டும் பச்சையாக ஓவனில் வைக்காதீர்கள். அதன் அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களை வெறும் உலர்சூட்டை நம்பி விட முடியாது; பாட்டிமார் செய்தபடி புளித்தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் வறுக்க வேண்டும். புளியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது: புளிப்பு காயின் நாரை இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால், முன்கூட்டி வேகாத எந்தக் காயையும் புளிக்கரைசலில் ஊறவைத்து ஓவனில் தள்ளினால் அது விறைப்பாகவே வரும். சர்க்கரைவள்ளிக்கு நான் சொன்ன விதியே தலைகீழ். மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் அதன் நொதி ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையில் நன்றாக வேலை செய்வதால், சூடேறாத ஓவனில் முழுக் கிழங்காக வைத்து மெல்லச் சூடேற்றினால்தான் இனிப்பு கூடும். சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ ஆகியவற்றைக் கூட்டுக்கே விட்டுவிடுங்கள். கொத்தவரங்காய் குச்சியாகிவிடும்.

மசாலாவைப் பொறுத்தவரை, பலர் மிளகாய்த்தூளையும் சாம்பார்ப் பொடியையும் ஆரம்பத்திலேயே பூசிவிடுகிறார்கள். அரை மணி நேரம் 220 டிகிரியில் இருந்தால் பொடி கருகும். காரத்துக்குப் பதில் கசப்புதான் மிஞ்சும். மிளகாய்த்தூளைக் கடைசி ஐந்து நிமிடத்தில், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் குழைத்துச் சேர்க்கலாம். அதைவிட எனக்கு உகந்தது, தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் மூன்றையும் வறுத்துக் கொரகொரப்பாக அரைத்த கறிப்பொடியை, தட்டை வெளியே எடுத்தவுடன் சூட்டோடு தூவிக் குலுக்குவது. கறிவேப்பிலையைக் கடைசி இரண்டு நிமிடம் உள்ளே விட்டால் மொறுமொறுவென்று ஆகிவிடும். எலுமிச்சையை இலையில் பரிமாறும்போது பிழிந்தால் போதும்.

கருகலைப் பற்றிய அச்சத்துக்கும் ஓரளவு நியாயம் உண்டு. மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாவதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இது உருளைக்கிழங்கில்தான் பெரிதாகக் கவனிக்க வேண்டிய விஷயம். அதைப் பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வதும், வறுக்கப்போகும் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் இருப்பதும் போதுமான எச்சரிக்கைகள். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் அது மிக விரைவில் கறுத்துவிடும். மின்கட்டணத்துக்கு அஞ்சுபவர்களுக்கு: முன்சூடு உட்பட முக்கால் மணி நேரத்துக்கு ஒரு யூனிட் அளவில்தான் ஆகும், ஏனெனில் வேண்டிய சூடு வந்ததும் கம்பிகள் அணைந்து அணைந்து எரிகின்றன.

கடைசியாக, பரிமாறும் நேரம். இந்த வறுவல் காத்திருக்காது. சுடச்சுட ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால், இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தின் மிச்சம் ஆவியாகி மூடியில் படிந்து மறுபடியும் காயின் மேலேயே சொட்டும். ஆகவே குக்கரில் சாதத்துக்கு விசில் வரும் நேரத்தில் தட்டை உள்ளே வைத்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு வெளியே எடுக்க வேண்டும். மதிய உணவுப் பெட்டிக்கு இது ஏற்றதல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குத்தான் வேண்டும் என்பவர்கள் பீட்ரூட்டையும் பரங்கிக்காயையும் முந்தைய இரவே வறுத்து ஆறவிட்டு, காலையில் கெட்டித் தயிரில் கலந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துப் பச்சடியாகக் கொடுத்தனுப்பலாம்.