கரி பிடித்து வைத்ததை எங்கே கொட்டுவது?
ஊருணித் தண்ணீரில் கலந்திருக்கும் மருந்து மிச்சங்களைச் சிரட்டைக் கரி வடிகட்டியே கழிவில்லாமல் அகற்றிவிடும் என்கிறது நான் இங்கே பதில் சொல்லும் கட்டுரை. அகற்றும், சரி, ஆனால் கரி எதையும் அழிப்பதில்லை, தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செட்டிநாட்டு ஊருணிகளில் சருகு ஊறிப் பழுப்பேறிய தண்ணீர்தான் பல நாள் நிற்கும். அந்தக் கரிமப்பொருளே துளைகளை அடைத்துக்கொண்டால் டைக்லோஃபெனாக் போன்ற வலி மருந்துக்கு இடம் ஏது? துளை நிறைந்து தீர்ந்த கரியைப் புதுப்பிக்க 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்ற வேண்டும், அந்தச் செலவைக் கட்டுரை கணக்கிலேயே எடுக்கவில்லை. கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர், தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையே போதும் என்கிறார். எங்கள் அப்பத்தா பானையின் உட்புறம் அதை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார், விடிவதற்குள் கலங்கல் அடியில் படிந்துவிடும். படிவது மண், கரைந்த மாத்திரை அப்படியேதான் இருக்கும். மின்சாரம் செலுத்தி மருந்தின் மூலக்கூறையே உடைக்கும் மின்வேதி ஆக்சிஜனேற்றம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, அதுவும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கும்போது! அதற்கும் மின்சாரம் இழுக்கும், உப்புத் தண்ணீரென்றால் குளோரேட் என்ற தீங்கான பொருள் உருவாகும் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் வீட்டுச் சாக்கடை கலக்கும் இடத்தை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் வடிகட்டிக்கு விலை விசாரிக்கலாம்.