துருவத்துப் பனியும் நம் பருவமழையும்
ஆர்க்டிக் (வடதுருவப்) பனியை வைத்து நம் தென்மேற்குப் பருவமழையைச் சொல்லலாம் என்று ஒரு கட்டுரை வந்ததும் அதன் கீழே ஒருவர் "எங்கேயோ பனி உருகினால் இங்கே எப்படி மழை மாறும்" என்று சிரித்திருக்கிறார். சிரிக்கும் விஷயம் இல்லைங்க. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று 1884லேயே எழுதிவிட்டார். பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், மிச்ச வெயிலும் அதை உருக்கவே செலவாகும், உருகிய பிறகும் மண் ஈரமாகக் கிடக்கும், தண்ணீர்ப் பானைக்கு அடியில் நனைத்த மணல் போடுகிறோமே அதே கதைதான், நிலம் சூடேறவில்லை என்றால் கடல்காற்றை இழுக்கும் வேகம் குறையும்.

தூரத்துக் குளிர் ஆசிய மழை வரைக்கும் எட்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி சீனாவில் நான்ஜிங் பக்கம் ஹுலு குகை. சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூணை அறுத்து, படலம் படலமாக அதில் கனமான ஆக்சிஜனும் லேசான ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தார்கள்; பருவமழையின் பலம் மாறினால் அந்த விகிதமும் மாறும். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்து திடீரென்று குளிர்ந்தபோது ஆசியப் பருவமழையும் தளர்ந்தது அதில் தெரிகிறது. பூமியின் வடபாதி குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து அடுத்த வருஷ மழையைச் சொல்லிவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது கொஞ்சம் ஓவர். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி, பெரும்பாலும் நம் மழையைக் குறைக்கும் எல் நினோவே 1997ல் அத்தனை பலமாக வந்தும் இந்தியாவில் மழை சராசரியை ஒட்டித்தான் பெய்தது.