ஏசி அறைக் கணக்கு தருமபுரிக்குச் சரிவராது
கம்ப்யூட்டர் பிராசசரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருள் பத்து நிமிடம் ஓடிவிட்டால் ஓவர்கிளாக் (பிராசசரை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) நிலைத்துவிட்டது என்று இந்தக் கட்டுரையில் சொல்வது ஏசி அறைக்கு வேண்டுமானால் பொருந்தும். தருமபுரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மார்கழி இரவில் 75 டிகிரியில் நின்ற என் ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், சித்திரை மதியம் அதே செட்டிங்கில் 90-ஐத் தொட்டது. அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பிராசசரும் ஏறும். இந்தப் பிராசசரின் உச்சவரம்பே 95 டிகிரிதான். அப்புறம், விண்டோஸ் முடங்கி நீலத்திரை வந்தால்தான் கோளாறு என்றில்லை. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழை) எச்சரிக்கைகள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும், அதையும் பாருங்கள். மேலே கமென்டில் ஒருவர் 1.45 வோல்ட் வைத்து பிராசசரின் எல்லாக் கோரையும் ஓட்டச் சொல்கிறார். இந்தச் சூட்டில் வேண்டாம் சாமி! வேகத்தில் 100 மெகாஹெர்ட்ஸைக் குறைத்து வோல்டேஜையும் இறக்குங்கள்; கேமில் வித்தியாசமே தெரியாது.