அமெரிக்காவுல இப்படி நடக்குமா மாப்ளே?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சின்னச் சண்டை. விவசாயக் கடன் தள்ளுபடி பற்றி யாரோ ஒரு செய்தியைப் போட்டதும் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். "வாங்கினவன் கட்டணும், முடியலேன்னா விட்டுட்டுப் போகணும். நீ இருக்கிற அமெரிக்காவுல இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா, சொல்லு மாப்ளே."

நடந்திருக்கிறது மாமா. அதுவும் நான் வாடகைக்குக் குடியிருக்கிற இதே ஊர்க்காரர்கள் முன்னால் நின்று வாங்கிய சலுகை. குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே.

ஊர் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில். இன்றைக்கு ராக்கெட்டுக்குப் பேர்போன ஊர். ஊர் நடுவில் பிக் ஸ்பிரிங் என்று ஒரு ஊற்று, அதையொட்டிப் பூங்கா, சிவப்பு வண்ணத்தில் ஒரு பாலம், எதைப் போட்டாலும் ஓடி வரும் வாத்துகள். 1805 வாக்கில் இந்த ஊற்றங்கரையில் குடிசை போட்டவர் ஜான் ஹண்ட். 1809-இல் அரசு நிலத்தை ஏலம் விட்டபோது லீராய் போப் என்ற பெரும் பண்ணைக்காரர் ஊற்றைச் சுற்றியிருந்த நிலத்தை ஏக்கர் 23 டாலருக்கு மேல் கேட்டு எடுத்துக்கொண்டார். அரசு வைத்திருந்த அடிவிலை 2 டாலர்தான். காடு திருத்தியவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஊர்ப்பெயர் மட்டும். அதையும் போப் முதலில் வேறு பெயராக மாற்றி வைத்திருந்தார், 1811-இல்தான் ஹண்டின் பெயர் திரும்பி வந்தது.

அந்த நிலம் எப்படி விற்கப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1800-இல் வந்த சட்டப்படி குறைந்தது 320 ஏக்கர் வாங்க வேண்டும், ஏக்கர் 2 டாலர். கால் பங்கு முன்பணம், மீதி நான்கு ஆண்டுக்குள் தவணையில். 1804-இல் அந்த 320 ஏக்கரை 160 ஆகக் குறைத்தார்கள். ஆக, 80 டாலர் கையில் இருந்தால் 320 டாலர் நிலத்துக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம். மீதி 240? காடு வெட்டி, பயிர் வைத்து, விற்றுக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. கடைசித் தவணைக்குப் பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு. அப்போதும் கட்டாவிட்டால் நிலம் அரசுக்கு, அதுவரை கட்டிய பணமும் கோவிந்தா.

இந்தக் கடைசி வரியை யாரும் நடைமுறைப்படுத்தத் துணியவில்லை என்பது வேடிக்கை. 1806 முதல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், திரும்பத் திரும்பக் கெடுவை நீட்டிக்கொண்டே வந்தது. பாக்கிக்காரன் ஒருவன் இரண்டு பேர் என்றால் விரட்டலாம், ஊரே பாக்கி என்றால் யாரை விரட்டுவது?

1818-இல் பருத்தி ராத்தல் 30 சென்டைத் தாண்டியது. ஹண்ட்ஸ்வில் ஏலத்தில் வெறி பிடித்ததுபோல் கேட்டார்கள். டென்னசி ஆற்றங்கரையில் நல்ல பருத்தி மண் ஏக்கர் 78 டாலர் வரைக்கும் போனது. எல்லாம் கால் பங்கு முன்பணம்தானே என்ற துணிச்சல். அடுத்த வருஷமே பருத்தி விலை பாதிக்கும் கீழே விழுந்தது. வங்கிகள் ஆட்டம் கண்டன. உள்ளூர் வங்கி நோட்டுக்கு மதிப்பில்லை, அரசோ நல்ல பணம் கேட்டது. 1820 முடிவில் நிலம் வாங்கியவர்கள் அரசுக்கு வைத்திருந்த பாக்கி சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர். கூட்டாட்சி அரசின் ஓராண்டு வருமானத்தைவிட அதிகம். அதில் ஏறக்குறைய பாதி அலபாமா தலையில்.

காங்கிரஸ் இரண்டு வேலை செய்தது. 1820 ஏப்ரலில் கடன் விற்பனையையே நிறுத்தியது. இனி ரொக்கம்தான், ஆனால் ஏக்கர் 1.25 டாலர், 80 ஏக்கரே போதும். 100 டாலர் இருந்தால் பாக்கியில்லாத நிலம். சரி, அதற்கு முன்பே 2 டாலருக்குக் கடனில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள்? அவர்களுக்காகத்தான் 1821 மார்ச் 2-ஆம் தேதிச் சட்டம்.

மாமா, இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் கடனைத் துடைத்துவிட்டுப் போகவில்லை. நிலத்தில் ஒரு பகுதியை அரசிடம் திருப்பிக் கொடு, அதற்காகக் கட்டிய பணத்தை வைத்துக்கொள்ளும் நிலத்தின் கணக்கில் வரவு வைக்கிறோம் என்றது. ஒருவர் 160 ஏக்கர் எடுத்து, முன்பணத்தோடு ஒரு தவணையும் சேர்த்து 160 டாலர் கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். 80 ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டால் மீதி 80 ஏக்கர் அன்றைக்கே அவருடையது, பைசா பாக்கி இல்லை. முழு நிலமும் வேண்டும் என்பவருக்கு இன்னொரு வழி: சொன்ன கெடுவுக்குள் மொத்தமாகக் கட்டினால் பாக்கியில் 37.5 சதவீதம் தள்ளுபடி. ஏன் இந்த அரை சதவீதக் கணக்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. 2 டாலரில் 37.5 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 1.25 வரும். பக்கத்து நிலத்துக்காரன் இன்று ரொக்கத்தில் வாங்கும் அதே விலை! யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து நியாயமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டும் முடியாதவர்களுக்கு நீண்ட தவணை, கால் பங்கு மட்டும் கட்டியவருக்கு எட்டு வருஷம் வரை.

இதைக் கொண்டுவர முன்நின்றவர்களில் ஒருவர் அலபாமா செனட்டர் ஜான் வாக்கர், இதே ஊர்க்காரர். லீராய் போப்பின் மருமகன். ஆமாம், அந்த ஏலத்து போப்தான். உள்ளூர் வங்கியின் தலைவரும் அந்த போப்பே. ஏழைக் குடியேறிக்கு நிவாரணம் என்று பேசிய வாயில் மாமனார் வட்டாரத்தின் கவலையும் கலந்திருந்தது என்று நான் சொன்னால் தப்பில்லை. வயிற்றுக்காக 160 ஏக்கர் எடுத்தவனுக்கும், விலை ஏறினால் விற்கலாம் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தவனுக்கும் ஒரே சட்டம், ஒரே சலுகை. எனக்கு அதில்தான் கோபம். மாட்டை விற்றாவது கெடுவுக்குள் கட்டி முடித்த நேர்மையாளனுக்கோ ஒன்றும் திரும்பி வரவில்லை. உங்கள் கட்சி வாதம் இங்கே நியாயம், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் மனசு உறுத்தும். விற்றது யாருடைய நிலம்? இந்த வட்டாரம் 1805, 1806 ஒப்பந்தங்களில் சிக்கசா, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கப்பட்டது. கிரீக் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடமிருந்து 1814-இல், போரில் தோற்றவர்கள் என்று சொல்லி, 2 கோடி ஏக்கருக்கு மேல் பிடுங்கினார்கள். அந்தப் பருத்தியை எடுத்தவர்கள் அடிமைகள். இவர்களுக்கு எந்த மார்ச் மாதத்திலும் நிவாரணச் சட்டம் வரவில்லை. 'ஆரம்பக் குடியேறிகள்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த 'ஆரம்பம்' இடிக்கும்.

இத்தனை குறை சொல்லியும் அந்தச் சட்டத்தை நான் ஆதரிப்பதற்குக் காரணம் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஊருக்கு வெளியே மனை, அறுபது மாதத் தவணை என்று ஒரு திட்டம். பச்சை அட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் ஊதா மை முத்திரை. அப்பா நாற்பத்தோரு கட்டம் கட்டினார். அப்புறம் அம்மாவுக்கு ஆபரேஷன், நாலைந்து மாதம் நின்றுபோனது. விதிமுறையில் பொடி எழுத்தில் இருந்ததாம், தொடர்ந்து மூன்று தவணை தவறினால் கட்டிய தொகைக்கு உரிமையில்லை என்று. மனையும் இல்லை, பணமும் இல்லை. அட்டை மட்டும் இன்னும் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அந்தத் திட்டத்தில் அப்பாவைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான் மாமா. உங்களுக்கும் ஒரு பச்சை அட்டை இருந்தது, உங்களுடையதும் பாதியில்தான் நின்றது. நீங்கள் இரண்டு பேரும் அந்த ஆபீசுக்குப் போனபோது நானும் கூட வந்தேன், சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்துகொண்டு. கவுன்டர் கம்பிக்குள் அட்டையை நீட்டி நீங்கள் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. "முழு மனை வேண்டாம்யா. நாங்க கட்டுன காசுக்கு எவ்வளவு வருதோ அதை அளந்து குடு, போயிடறோம்."