போனில் பாடம் பார்க்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்பது யார்?

"பிள்ளைக்கு எந்த ஆப் நல்லது? எந்த ஆன்லைன் கோர்ஸில் சேர்க்கலாம்?" கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் பெற்றோர் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நினைப்பதை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனே கூடாது என்பது என் கட்சி இல்லை. சரியான ஆசிரியர் கிடைக்காத பிள்ளைக்கு, நல்ல ஆசிரியர் ஒருவரின் பாடம் கைக்கே வந்து சேர்வது சாதாரண விஷயமா? வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். காய்ச்சலில் விட்டுப்போன பாடத்தைப் பிடித்துவிடலாம். இதெல்லாம் மெய்யான நன்மைகள். ஆனால் பாடம் கைக்கு வந்ததால் மட்டும் தலைக்குள் போய்விடாது. பிள்ளை பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை யாராவது பார்த்து, தவறிய இடத்தைப் பிடிக்க வேண்டும். போனும் கோர்ஸும் இந்த இரண்டுக்கும் வழி செய்தால் படிப்பு முன்னேறும். செய்யாவிட்டால் பிள்ளை பார்க்கிற எத்தனையோ வீடியோக்களில் அதுவும் ஒன்று.

2011-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் என்று இணையத்தில் பாடம் நடத்தும் தளங்கள் வரிசையாக வந்தன. இனி கல்லூரிக் கட்டடமே வேண்டாம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அந்த முதல் வகுப்பை முடித்தவர்களோ 20,000 சொச்சம் பேர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் பல ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவில்தான். பணம் கட்டிச் சான்றிதழுக்கென்றே சேர்ந்தவர்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை.

முடிக்காதவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்லமாட்டேன். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் உண்டு. தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் விவரம் தெரிந்தவர்கள், தாமாக விரும்பி வந்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், அம்மா சேர்த்துவிட்டார் என்பதற்காகப் போன் முன்னால் உட்காரும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கதி என்ன?

இதைவிட எனக்குப் பெரிய கவலை, முழுக்கப் பார்த்து முடிக்கிற பிள்ளைகளைப் பற்றியது. கடைசி நொடி வரை பார்க்கிறார்கள். கேட்டால் "நல்லா புரிஞ்சுது சார்" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஷானா கார்ப்பென்டர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே விஷயத்தை, ஒரே சொற்களில், இரண்டு விதமாகப் படம்பிடித்தார்கள். ஒன்றில் பேசுபவர் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தங்குதடையில்லாமல் சொல்கிறார். மற்றதில் குனிந்து குறிப்பைப் பார்த்துத் தடுமாறித் தடுமாறிப் படிக்கிறார். சரளமான பேச்சைக் கேட்ட மாணவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று நம்பினார்கள். சோதித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு வரும் கோர்ஸ்களில் எவ்வளவு காசு கேமராவுக்கும் அனிமேஷனுக்கும் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். புரிந்துவிட்டது என்ற உணர்வைத்தான் அந்தக் காசு வாங்கித் தருகிறது.

சரி, எதுதான் பதியவைக்கிறது? ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையை ஆசிரியர் பயிற்சியில் எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பேன். மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு தரப்பு அதையே மறுபடி படித்தது. இன்னொரு தரப்பு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த ஐந்து நிமிட வெற்றிக்குத்தான் உதவும். தேர்வு ஐந்து நிமிடம் கழித்தா வருகிறது?

வீடியோவுக்கும் இதே கதைதான். வேறொரு ஆய்வில் புள்ளியியல் பாட வீடியோ ஒன்றை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் சின்னச் சோதனை வைத்துப் பார்த்தார்கள். மனம் வேறெங்கோ அலைவது பாதியாகக் குறைந்தது. எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிப் பேர் ஆறு நிமிடத்துக்குமேல் தங்குவதில்லை என்று காட்டியது. ஆகவே 45 நிமிட வகுப்பை அப்படியே கேமராவில் பிடித்து ஏற்றிவிட்டு அதற்குக் கோர்ஸ் என்று பெயர் வைப்பதை நிறுத்த வேண்டும்.

இப்போது நான் அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்கிறது ஆப். பிள்ளை ஐந்தில் இரண்டு என்று போடுகிறது. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டது. திரையில் சிவப்பு வருகிறது. "தவறு. சரியான விடை ஆறில் ஐந்து." பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. அங்கேயும் இதே தவறு, இதே சிவப்பு, இதே தலையாட்டல். மூன்றாவது கேள்வியில் ஊகித்து அழுத்தக் கற்றுக்கொள்கிறது. பிள்ளையின் தலைக்குள் இருக்கும் விதி அப்படியே இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை.

பக்கத்தில் ஆள் ஒருவர் இருந்திருந்தால் விடையைச் சொல்லவே மாட்டார். "ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெருசா சிறுசா?" என்று கேட்பார். பிள்ளை யோசிக்கும். அரையைவிடச் சிறுசு. "அப்போ அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்ததும் குறைஞ்சு போச்சா?" இந்தக் கேள்விக்குப் பிறகு பிள்ளை பேசாமல் இருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் அந்தத் தப்பு விதி ஆட்டம் காண்கிறது. தாளை எடுத்துத் தானே அடிக்கும், திருத்தும். ஐந்தில் இரண்டு என்ற அந்தத் தவறான விடை, பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்ட விடை. நல்ல மென்பொருள் இதை ஓரளவு கண்டுபிடித்து இதே கேள்வியைக் கேட்கும்படி செய்யலாம்; செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சிவப்பு, பச்சை காட்டுவதோடு நின்றுவிடுகிற ஆப்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவைக் காட்ட விரும்புகிறேன். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அங்கே ஒரு சோதனை நடந்தது. ஸ்மார்ட்போனே தேவையில்லை, பட்டன் போன் போதும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் சில கணக்குகள் போயின. இன்னொரு பிரிவுக்கு அதே குறுஞ்செய்தியோடு ஒரு அழைப்பும் போனது. ஏறத்தாழ 20 நிமிடம். பெற்றோரை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பிள்ளையோடு அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பேசிச் செய்ய வைத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் போகவில்லை. பிறகு சோதித்தபோது, அழைப்பும் குறுஞ்செய்தியும் சேர்ந்து பெற்ற பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இதே முறையைப் பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் செய்து பார்த்தார்கள். அங்கும் பலன் கிடைத்தது.

கணக்கு அதே கணக்கு. போனும் அதே போன். வித்தியாசம் அந்த 20 நிமிடக் குரல். அந்தக் குரல் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டது. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த வாரக் கணக்கை அதற்கேற்ப எளிதாக்கவோ கடினமாக்கவோ முடிந்தது. வாரா வாரம் ஒருவர் கூப்பிடுவார் என்று தெரிந்த பிள்ளை நோட்டைத் தேடி எடுத்து வைக்கும். இதற்குச் சமமாக எந்த நோட்டிஃபிகேஷனும் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

கவனச் சிதறலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. பாடத்தை முன்கூட்டியே டவுன்லோடு செய்து, இணையத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், நீண்ட பாடப்பகுதியைத் தாளிலேயே படிக்கட்டும். 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, திரையில் படிப்பதைவிடத் தாளில் படிக்கும்போது புரிதல் கூடுகிறது என்று சொன்னது. குறிப்பாக நேரம் குறைவாக இருக்கும்போதும், தகவல் சார்ந்த பகுதிகளிலும்.

போனில் நான் மிகவும் மதிப்பது அதன் திரையை அல்ல, மைக்கை. பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் கேட்கிறேன். "இன்னைக்குப் பார்த்ததை உன் தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்லு. நோட்டைப் பார்க்கக் கூடாது." எழுத்துத் தேர்வில் பிடிபடாதது இதில் பிடிபடுகிறது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, எதிர்ம எண்ணையும் எதிர்ம எண்ணையும் பெருக்கினால் ஏன் நேர்மம் வருகிறது என்பதை விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "இல்ல சார், இருங்க, இது தப்பு" என்று தானே திருத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் கற்றது எந்த வீடியோவிலும் இல்லை. அதேபோல், விடையை மட்டும் அனுப்பாமல் கணக்குப் போட்ட பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். அடித்த இடம், அழித்த இடம் எல்லாம் தெரியும். கையெழுத்து எங்கே தயங்குகிறதோ அங்கேதான் பாடம் நடத்த வேண்டும்.

இதற்கு நேரம் ஆகும், மறுக்கவில்லை. 40 பிள்ளைகளின் ஒரு நிமிடக் குரலைக் கேட்க 40 நிமிடம் வேண்டும், பதில் சொல்ல இன்னும் கொஞ்சம். எல்லாரையும் தினமும் கேட்க முடியாது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் கேட்டால் போதும். வீட்டில் பெற்றோரும் செய்யலாம், பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "எப்படி வந்துச்சு? ஏன் அப்படி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். பிள்ளை சொல்லத் திணறுகிற இடம் உங்களுக்கே கேட்கும்.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். கோர்ஸ் விற்க வருகிறவர்கள், பிள்ளைகள் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள், எத்தனை பேட்ஜ் வாங்கினார்கள் என்று வண்ண வண்ணமாகப் படம் காட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, "எங்கள் பிள்ளைகள் போடும் தவறான விடைகள் ஆசிரியர் கைக்கு அப்படியே வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால், கையெழுத்துப் போடும் முன்பே கால அட்டவணையை எடுத்து, அந்த விடைகளைப் படித்துப் பிள்ளைகளோடு பேச ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். அந்த இரண்டு பாடவேளைக்கு இடமில்லை என்றால், இடம் கிடைக்கும் ஆண்டில் கோர்ஸை வாங்கிக்கொள்ளலாம்.