பிரவுசரில் பார்த்தது சேர்வருக்குக் கணக்கில்லை

தம்பி, இணையப் படிவம் பற்றி "ஜாவாஸ்கிரிப்டில் சரிபார்த்து போஸ்ட் முறையில் அனுப்பினால் போதும், பிஎச்பியில் திரும்பப் பார்ப்பது வீண் வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பிழை, ஆபத்தும் கூட. ஜாவாஸ்கிரிப்ட் இங்கே ஓடுவது பிரவுசரில், பிஎச்பி ஓடுவது சேர்வரில். பிரவுசரில் நடக்கும் சோதனை நிரப்புகிறவருக்கு உதவி, அவ்வளவுதான். படிவத்தைத் திறக்காமலே கர்ல் போன்ற கருவியால் சேர்வருக்கு நேரே எதையும் அனுப்பலாம். போஸ்டில் போவது முகவரிப் பட்டையில் தெரியாது. ஆனால் வழியில் அதை மறைத்துக் காப்பது எச்டிடிபிஎஸ்தான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ரியூட்டரிக்கு (தனியார் வகுப்பு நிலையத்துக்கு)ப் பதிவுப் படிவம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பட்டியலில் மூன்று பாடங்கள் மட்டும் இருந்தாலும் நான்காவதாக ஒன்று வந்து விழலாம். அதைச் சேர்வர்தான் பிடிக்கவேணும். தொலைபேசி இலக்கத்தை முழு எண்ணாக மாற்றினால் 021 என்று தொடங்கும் இலக்கத்தின் முதல் பூச்சியம் போய்விடும், எழுத்துச் சரமாகவே வையுங்கள். பெயரின் நீளத்தை பிஎச்பியின் ஸ்ட்ர்லென் கொண்டு அளக்கவே வேண்டாம். அது பைட்டுகளை எண்ணும்: யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் "யாழ்ப்பாணம்" 33 என்று வரும், குறிகளை எண்ணும் எம்பி_ஸ்ட்ர்லென் 11 என்று சொல்லும் (கால், புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி).

பிறகு, தரவுத்தளத்தில் போடும்போது, வந்த தரவு கட்டளையோடு கலக்காமல் இருக்க பிடிஓவின் (பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு) பிரிப்பேர் வேணும்; பக்கத்தில் காட்டும்போது, வந்த எழுத்து எச்டிஎம்எல் குறியாக வேலை செய்யாமல் இருக்க எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வேணும். ஒன்றைச் செய்தாயிற்று என்று மற்றதை விடமுடியாது.